முதல் பைப்: கிண்ணத்தின் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புகையிலை பிடிக்கும் பைப் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அழகைத்தான். வளைந்த தண்டு, மெருகேற்றிய மரம், கையில் எடுத்தால் ஒரு கனம். பிடித்துப்போய் வாங்கிவிடுவார். பற்றவைத்த பிறகுதான் வம்பு தொடங்கும். பாதிக்கு மேல் எரியாது, நாக்கு காந்தும், அடியில் கறுப்பாகச் சகதி தேங்கும். புகையிலை மட்டம் என்பார். இல்லாவிட்டால், தனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். பல நேரங்களில் இரண்டுமே காரணமில்லை. அவர் வைத்திருக்கும் நேரத்துக்கும் புகையிலைக்கும் அந்தக் கிண்ணம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அளவுக்குள் போகும் முன் ஒன்று. பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து ஊதிவிடுகிறோம் என்பது உண்மைதான். ஆனாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. சின்னக் கிண்ணம் என்றால் ஆபத்தில்லை என்று கிடையாது. இதுவரை புகைக்காதவர் தொடங்காமலே இருக்கலாம். இந்தியாவில் 18 வயதுக்கும் இலங்கையில் 21 வயதுக்கும் கீழானவர்களுக்குப் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம். பைப் பிடிப்பது என்று முடிவெடுத்துவிட்ட பெரியவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

கிண்ணம் வேறு, குழி வேறு

வெளியே தெரிகிற மர உருண்டை கிண்ணம். புகையிலை போய் உட்கார்வது அதற்குள் துளைத்த குழியில். நாம் அளக்க வேண்டியது குழியை. அதற்கு இரண்டு எண்கள் போதும்: வாய்ப்பக்கத்தில் உள்விட்டம், வாயிலிருந்து அடிவரை ஆழம்.

வெளித்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் கேலபாஷ் நல்ல உதாரணம். கார்ட்டூன் துப்பறிவாளர்களின் வாயில் தொங்குமே, அந்தப் பெரிய வளைந்த பைப். சுரைக்குடுக்கையில் செய்வது; அந்தச் சுரைக்குப் பேர்போன இடம் தென்னாப்பிரிக்கா. பார்த்தால் அரைப்படி புகையிலை கொள்ளும் போலிருக்கும். உண்மையில் புகையிலை வைப்பது குடுக்கையின் வாயில் செருகியிருக்கும் மீர்ஷாம் என்ற வெண்ணிறக் கனிமக் கோப்பையில் மட்டும்தான். கீழே இருப்பதெல்லாம் புகை ஆறுவதற்கு விட்ட வெற்றிடம். இதற்கு நேர்மாறாக, ஒல்லியாகத் தெரியும் சில பைப்களில் சுவரைச் சுரண்டிச் சுரண்டிக் குழியை அகலமாக்கியிருப்பார்கள். நிறையக் கொள்ளும், ஆனால் பத்து நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாது.

ஆகவே சுவரின் கனத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிவிட்டத்திலிருந்து உள்விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் சுவர். வெளியே 36 மி.மீ., உள்ளே 20 மி.மீ. என்றால் சுவர் 8 மி.மீ.; பைப் செய்ய வழக்கமாக எடுக்கும் பிரையர் மரத்துக்கு இது தாராளம். 5 மி.மீ.க்குக் கீழே போனால், வேகமாக இழுக்கும் புதியவருக்குச் சுடும்.

கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் பிரையர் பைப்கள் உள்விட்டத்தில் 18 முதல் 21 மி.மீ., ஆழத்தில் 30 முதல் 42 மி.மீ.க்குள் அடங்கிவிடும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 மி.மீ. விட்டமும் 28 மி.மீ. ஆழமும் உள்ள குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 5.6 கன செ.மீ. 19க்கு 35 என்றால் கிட்டத்தட்ட 10. 22க்கு 42 என்றால் 16. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம்தான், கொள்ளளவோ ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆழம் கூடினால் கொள்ளளவு அதே வீதத்தில் கூடும். விட்டம் கூடினால் அதன் வர்க்கத்தில் கூடும். 18 மி.மீ. பைப்புக்குப் பதில் 20 மி.மீ. எடுத்தால், ஆழம் மாறாமலே கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் புகையிலை உள்ளே போகும்.

இந்தக் கணக்கு நேரான உருளைக் குழிக்கு. டப்ளின் போன்ற வடிவங்களில் குழி அடியை நோக்கிக் கூம்பாகக் குறுகும். விளம்பரத்தில் 20 மி.மீ. என்று போட்டிருப்பது வாயின் விட்டம். அடியில் அதில் பாதிகூட இருக்காது. அதே எண்கள் கொண்ட, பில்லியர்ட் என்ற நேர்க்குழி வடிவத்தைவிடக் குறைவாகத்தான் கொள்ளும்.

முதல் கேள்வி: எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்?

புகையிலை பிறகு. முதலில் உங்கள் நாளைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் அரை மணி நேரமா, ஞாயிற்றுக்கிழமை மதியம் புத்தகத்தோடு ஒன்றரை மணி நேரமா?

சிறிய குழி 20 முதல் 30 நிமிடம் போகும். நடுத்தரம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பெரியது ஒன்றரை மணியைத் தாண்டும். இவையெல்லாம் நிதானமாக இழுக்கத் தெரிந்தவரின் கணக்கு. புதியவர் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் வேகமாக இழுப்பார். நேரம் குறையும், சூடு ஏறும். நிதானம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மெதுவாகப் புகைக்கும் போட்டிகளைப் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பைப், 3 கிராம் புகையிலை, 2 தீக்குச்சி. அதை வைத்துக்கொண்டு கைதேர்ந்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அணையாமல் காப்பாற்றுகிறார்கள். நீங்களும் நானும் அந்த 3 கிராமை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம்.

பெரியதாக வாங்கிப் பாதியில் வைத்துவிட்டுப் பிறகு தொடரலாமே என்று கேட்பார்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் தொடர்ந்தால் பரவாயில்லை. மறுநாள் பற்றவைத்தால் பழைய சாம்பல் வாடைதான் வாயில் நிற்கும். பாதி நிரப்பிப் புகைப்பது அதைவிட மேல். ஆனால் எப்போதும் பாதிதான் நிரப்புவீர்கள் என்றால், அந்த ஆழத்துக்கு எதற்குக் காசு கொடுத்தீர்கள்?

நேரத்தோடு ஒட்டிய இன்னொரு விஷயம் நிகோடின். உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாக அது ஏறும். பெரிய கிண்ணத்தில் காரமான புகையிலையை வைத்து, வெறும் வயிற்றில் உட்கார்ந்தால் தலை சுற்றும், குளிர்ந்து வியர்க்கும், குமட்டும். அப்படி ஆனால் பைப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். முடித்துவிட்டு எழலாம் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. புதியவர் முதலில் சின்ன அளவில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். பெரிய கிண்ணத்தை முடிக்காமல் விட மனம் வராது. சின்னது தானாகவே முடிந்துவிடும்.

விட்டம் ஒரு குணம், ஆழம் ஒரு குணம்

ஒரே 10 கன செ.மீ.யை அகலமாகவும் தட்டையாகவும் துளைக்கலாம். ஒடுக்கமாகவும் உயரமாகவும் துளைக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி எரியாது.

விட்டம் என்பது தணல் பரவும் பரப்பு. அகலமான குழியில் ஒரே சமயத்தில் பல இலைத் துண்டுகள் எரிகின்றன. அதனால் கலவைப் புகையிலையின் எல்லாச் சுவைகளும் சேர்ந்து வரும். புகையும் நிறைய வரும். ஆனால் அகலமான விறகடுப்பைப் போல, ஓரங்களில் தீ படாமல் நடுவில் மட்டும் எரிந்து குழி விழுந்துவிடும். டேம்பர் என்ற அமுக்குக் கருவியால் அடிக்கடி அமர்த்திக்கொடுக்க வேண்டும், மறுபடி பற்றவைக்கவும் வேண்டும். ஒடுக்கமான குழியில் தணல் தானாகவே சுவரிலிருந்து சுவருக்குப் பிடித்துக்கொள்ளும். சிறு இழுப்புகளே போதும். ஒரே வகை இலையின் சுவை அதில் கூராகத் தெரியும்.

ஆழத்தின் கதை வேறு. புகையிலை எரியும்போது அதிலுள்ள ஈரமும், எரிவதில் உண்டாகும் நீராவியும் கீழ்நோக்கி வந்து, இன்னும் எரியாத இலையில் படிகின்றன. தாரும் நிகோடினும் கூடவே இறங்குகின்றன. ஆகவே எந்தப் பைப்பிலும் கடைசி மூன்றில் ஒரு பங்கு காரமாகவும் ஈரமாகவும் இருக்கும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு இது கூடும். பழகியவர் அந்த மாற்றத்தை ரசிக்கிறார். ஸ்டாக் என்ற உயரமான வடிவத்துக்குத் தனி ரசிகர்களே உண்டு. புதியவருக்கு அது களகளவென்று சத்தம் போடும் கசப்புத் தண்ணீர். அமெரிக்கப் படைத்தளபதி ஜெனரல் மெக்ஆர்தர் படங்களில் வாயில் வைத்திருக்கும் உயரமான சோளக்கட்டைப் பைப்பைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: அது மூன்றாவது, நான்காவது பைப்பாக வரட்டும்.

புகையிலைக்கேற்ற குழி

வரலாற்றில் கிண்ணத்தின் அளவு புகையிலையைப் பார்த்துத்தான் மாறியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் புகையிலை கொள்ளை விலை. அப்போதைய களிமண் பைப்களின் கிண்ணம் சுண்டுவிரல் நுனி கொள்ளும் அளவுக்குத்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் விலை இறங்க இறங்க, கிண்ணம் பெருத்துக்கொண்டே போனது. பிற்காலத்தில் வயலை உழுதபோது அந்தப் பழைய குட்டிப் பைப்களைக் கண்டெடுத்த கிராமத்து மக்கள், இவை மனிதர்கள் பிடித்தவையாக இருக்க முடியாது, வனதேவதைகளின் பைப்கள் என்று பேர் வைத்துவிட்டார்கள். கிசெரு என்ற ஜப்பானியப் பைப்பின் உலோகக் கிண்ணம் இன்றைக்கும் ஒரு பட்டாணி அளவுதான். அதற்கென்று மயிரிழையாகச் சீவிய புகையிலையை உருட்டி வைத்தால் நாலைந்து இழுப்பில் தீர்ந்துவிடும். சாம்பலைத் தட்டிவிட்டு அடுத்ததை வைப்பார்கள்.

இன்று டப்பாக்களில் வரும் புகையிலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருத்தங்கள் இவை. இயற்பியல் விதி ஒன்றுமில்லை, பலர் பலகாலம் பிடித்துப் பார்த்துச் சொன்னது. மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

வர்ஜீனியா என்ற இலை வகையில் சர்க்கரை அதிகம். வேகமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும். 17 முதல் 19 மி.மீ. வரையிலான ஒடுக்கக் குழியில் அதை அடக்கி எரிக்கலாம். வர்ஜீனியாவோடு லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் புளிக்கவைக்கும் பெரீக் இலை சேர்ந்தாலும் இதே அளவுதான். இவை பெரும்பாலும் ஃபிளேக் என்ற அழுத்திய தகடுகளாக வரும். தகட்டை மடித்து அப்படியே குழிக்குள் திணிக்க நினைத்தால் 18 மி.மீ.க்குக் கீழே கை திணறும். உதிர்த்துப் போடுகிறவருக்கு அந்தக் கவலையில்லை.

லட்டாக்கியா சேர்ந்த ஆங்கிலக் கலவைகள் அகலக் குழியைக் கேட்கின்றன. லட்டாக்கியா என்பது விறகுப் புகை போட்டுப் பதப்படுத்திய இலை. சிரியாவின் துறைமுக நகரின் பெயரில் வழங்கினாலும் இப்போது சந்தைக்கு வருவது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. வர்ஜீனியாவும் ஓரியன்டல் என்ற இன்னொரு இலை வகையும் அதோடு கலந்திருக்கும். மூன்றும் ஒன்றாக எரிந்தால்தான் கலவைக்கு அர்த்தம். 20 மி.மீ., அதற்கு மேலும் போகலாம்.

வெனிலா, செர்ரி மணம் ஏற்றிய கேவன்டிஷ் வகைகளைத்தான் புதியவர்கள் முதலில் வாங்குகிறார்கள். டப்பாவைத் திறந்தாலே வாசனை. ஈரம் காயாமலிருக்க இவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். ஆழமான குழியில் அந்த ஈரமெல்லாம் அடியில் இறங்கிவிடும். இவற்றுக்கு நடுத்தர விட்டம், ஆழம் 35 மி.மீ.க்குள். பிடிப்பதற்கு முன் காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் உலரவிட்டால் இன்னும் நல்லது. பர்லி என்ற இலை வகைக்கு எந்த அளவும் சரிப்படும், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். இங்கிலாந்தின் கென்டலில் செய்யும் கறுப்புக் கயிற்றுப் புகையிலை போன்ற மகா காரமான சரக்குக்கு 16 மி.மீ. குட்டிக் குழி. அதற்கு மேல் துணிச்சல் வேண்டாம்.

விளம்பரத்தை வாசிப்பது

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுமுறை ஒன்று கிடையாது. லண்டன் டன்ஹில் 1 முதல் 6 வரை குழு எண் போடுகிறது. 1 மிகச் சிறியது, 4 நடுத்தரம் என்று பலரும் கொள்வது. இந்தக் குழு எண் முழுப் பைப்பின் பருமனைச் சொல்வது, குழியின் மி.மீ. அளவை அதிலிருந்து துல்லியமாக எடுக்க முடியாது. இத்தாலியின் காஸ்டெல்லோ ‘கே’ எழுத்தை ஒன்றிலிருந்து நான்கு வரை அடுக்கி அளவைக் காட்டும். அதற்கும் மேலே ‘ஜி’. சாவினெல்லியின் மூன்றிலக்க எண் வடிவத்தின் எண். எண் பெரியதாக இருப்பதால் பைப்பும் பெரியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பருமன் கூடினால் பக்கத்தில் ‘கே.எஸ்.’ அல்லது ‘இ.எக்ஸ்.’ என்று முத்திரை இருக்கும். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்விட்டம் எத்தனை, ஆழம் எத்தனை என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அமெரிக்கக் கடைகள் அங்குலத்தில் போடும். முக்கால் அங்குலம் 19 மி.மீ., ஒன்றேகால் அங்குலம் 32, ஒன்றரை அங்குலம் 38. இந்த மூன்றும் நினைவிருந்தால் மற்றதை மதிப்பிடலாம்.

‘சர்ச்வார்டன்’ என்று நீளத் தண்டுப் பைப் பார்த்திருப்பீர்கள். தண்டுதான் முழ நீளம். கிண்ணம் பெரும்பாலும் சின்னது. நீளத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் போகும் என்று வாங்குகிறவர்கள் உண்டு.

பழைய பைப் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பலகாலம் பிடித்த பைப்பின் உட்சுவரில் கரிப்படிவு ஏறியிருக்கும். ஒன்று, ஒன்றரை மி.மீ. படிவு நல்லது, மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். சுற்றிலும் 2 மி.மீ. ஏறியிருந்தால், 20 மி.மீ. குழி 16 ஆகச் சுருங்கியிருக்கும். விற்பவர் படிவோடு அளந்தாரா, சுரண்டிவிட்டு அளந்தாரா என்று கேட்க வேண்டும். கனத்த படிவு சூட்டில் விரியும்போது கிண்ணத்தில் விரிசல் விடவும் வாய்ப்புண்டு.

கையில் எடுத்து அளப்பது

வெர்னியர் காலிப்பர் இருந்தால் பிரச்சினையில்லை. அதன் வால்பக்கக் கம்பி ஆழத்தையும் சொல்லிவிடும். இல்லாவிட்டால், உங்கள் ஆள்காட்டி விரல் எத்தனை மி.மீ. அகலம் என்று வீட்டிலேயே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதை நுழைத்துப் பார்த்தால் விட்டம் தோராயமாகத் தெரியும். ஆழத்துக்குத் தீக்குச்சியை நட்டு, வாய் விளிம்பில் நகத்தால் அடையாளம் வைக்கலாம்.

அளக்கும்போதே புகைத்துளையையும் பாருங்கள். பைப் கிளீனரை (துளையைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பி) தண்டின் வாய்முனை வழியாகத் தள்ளினால் அது குழியின் அடித்தளத்தை ஒட்டி வெளிவர வேண்டும். அடியிலிருந்து 4, 5 மி.மீ. மேலே வந்தால், அதற்குக் கீழே உள்ள புகையிலை ஒழுங்காக எரியாது. 38 மி.மீ. ஆழம் என்று வாங்கிய பைப் உங்களுக்கு 33தான். மீதி ஈரம் தேங்கும் பள்ளம்.

எடை: 45 கிராமுக்குள் இருந்தால் பல்லில் கவ்விக்கொண்டு வேலை பார்க்கலாம். 60ஐத் தாண்டினால் கை வேண்டும். வளைந்த தண்டு பாரத்தைத் தாடைக்கு அருகில் கொண்டுவருவதால் கொஞ்சம் இலகு.

எதை வாங்கலாம்?

என் சிபாரிசு: உள்விட்டம் 19, ஆழம் 33 முதல் 35 மி.மீ., நேரான தண்டுள்ள பில்லியர்ட் அல்லது ஆப்பிள் (கிண்ணம் உருண்டையான வடிவம்), குழியின் அடி உருண்டையாக இருக்க வேண்டும். 2 கிராம், இரண்டரை கிராம் புகையிலை கொள்ளும். 50 கிராம் டப்பா இருபது தடவைக்கு மேல் வரும். மேலே சொன்ன எந்தப் புகையிலையையும் இதில் ஓரளவு நியாயமாகப் பிடித்துப் பார்க்கலாம், அந்தக் கயிற்றுச் சரக்கைத் தவிர.

அளவில் இன்னும் தயக்கம் என்றால் பிரையரில் பணம் போடாதீர்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிறு நகரில் 1869 முதல் சோளக்கட்டைப் பைப் செய்துவருகிறது மிசௌரி மீர்ஷாம் நிறுவனம். ஒரு சுமாரான பிரையரின் விலைக்கு அவற்றில் சில வாங்கலாம். ஒடுக்கமாக ஒன்று, அகலமாக ஒன்று எடுத்து, ஒரே புகையிலையை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நகைத் தராசு இருந்தால் ஒவ்வொரு முறையும் எத்தனை கிராம் போட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளலாம்.

பிடித்துப் பார்த்த பிறகு பைப்பே சொல்லும். ஒவ்வொரு முறையும் அடியில் விரற்கடை உயரத்துக்கு ஈரப் புகையிலை மிஞ்சினால் ஆழம் உங்களுக்கு அதிகம். புகையிலையை உலர்த்தியும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நடுவில் பள்ளம் விழுந்து ஓரமெல்லாம் பச்சையாக நின்றால் விட்டம் அதிகம், அல்லது டேம்பரைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. கலவைப் புகையிலையில் ஒரே ஒரு சுவைதான் தெரிகிறது என்றால் விட்டம் போதவில்லை. கிண்ணம் கையைச் சுட்டால், வேகத்தைக் குறைத்தும் பலனில்லாதபோதுதான் சுவரைக் குறை சொல்ல வேண்டும். முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? அதைக் குறையாக எடுத்துக்கொண்டு பெரிய பைப்புக்கு ஓட வேண்டாம்.

இரண்டாவது பைப் வாங்கும்போது இரண்டு எண்களையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். முதலாவது 19க்கு 35 என்றால், அடுத்தது 21க்கு 35 ஆகவோ 19க்கு 42 ஆகவோ இருக்கட்டும். வித்தியாசம் எதனால் வந்தது என்று அப்போதுதான் பிடிபடும்.